அரை முழப் பற்றாக்குறை

என் வீட்டுப் பரணில் ஒரு கடப்பாரை கிடக்கிறது. நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பக்கத்தில் உள்ள கறையைத் துரு என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அது என் சித்தப்பாவுடையது. எழுபதுகளின் கடைசியில் அவரும் அப்பாவும் கோச்சடை வீட்டைப் பாகம் பிரித்து, நடுவே சுவர் எழுப்பி, பேச்சையும் நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பா ரசிகர் மன்றத் தலைவர். ஒரு ஞாயிறு பகலில் தம் கூடத்து ஜன்னல்களைச் சாக்கால் மூடி, சிம்மக்கல்லில் வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படம் ஓட்டினார். பன்னிரண்டு அடிக் கூடம். கருவியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்தும் படம் ஒன்றரை முழத்துக்கு மேல் விரியவில்லை. அடுத்த தெரு மன்றத்திலோ, போன வாரம்தான் அவர்கள் நடிகர் இரண்டு முழத்துக்கு விரிந்திருந்தார்.

“என்னண்ணே, நம்மாளு கைக்குட்டையில வாராரு!” என்றான் ஒருவன்.

“தலைவரால அம்புட்டுத்தான் ஆகும் மாப்ள. ஆளை மாத்துவோம்” என்றான் இன்னொருவன்.

சித்தப்பாவின் பதவி அந்த அரை முழத்தில் தொங்கியது. பௌதிகத்தில் தோற்றுவிட்டு வீட்டிலிருந்த நான்தான் அங்கே விஞ்ஞானி. வீட்டுப் பகை என்னைக் கட்டுப்படுத்தாது, படம் இலவசம். டேப் பிடித்துப் பார்த்து, “நாலடி பின்னால போகணும் சித்தப்பா” என்றேன்.

பின்னால் இருந்தது பாகப்பிரிவினைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் அடுப்படி.

சித்தப்பா கடப்பாரையை எடுத்தார். செங்கல் பெயர்ந்து அம்மாவின் குழம்புச் சட்டியில் விழுந்தது. ஓடிவந்த அப்பா ஓட்டையைக் கையால் மறித்தார்.

“மெஷினை உங்க பக்கம் வச்சுட்டா வெளிச்சம் வாரதுக்கு ஒரு ஓட்டைதாண்ணே!” வருஷக்கணக்கில் பேசாத சித்தப்பா பேசிய முதல் பேச்சு.

“ஒம் மண்டையில போடுறேன்டா ஓட்டை!”

அடுத்த குத்தில் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. வாசல் வழியே உலக்கையோடு சுற்றி வந்து அவர் போட்ட போட்டில் சித்தப்பாவின் தாடை பெயர்ந்தது. விலக்கப் புகுந்த மன்றத்தார் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். புரொஜெக்டரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. திரையில் ஒன்றரை முழ நாயகன் பத்துப் பேரைப் புரட்டியெடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவருக்கும் ரத்தம் வரவில்லை.

ஓட்டையில் செருகி நின்ற கடப்பாரையை அம்மா எங்கள் பக்கம் உருவி ஒளித்துவைத்தாள். அதன்பின் அப்பா சோற்றைக் கரண்டியால் தின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா கஞ்சி குடித்தார். அவர் சாவுக்கும் அப்பா போகவில்லை.

போன வாரம் என் கூடத்தில் புரொஜெக்டர் வைக்கக் கடையிலிருந்து ஒருவர் வந்தார்.

“எம்புட்டுத் தூரம் வேணும் தம்பி?”

“தூரமே வேணாம் சார். சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வச்சாப் போதும், சுவரு முழுக்கப் படம் வரும்.”

வயர் இழுக்கப் பரணில் ஏறியவர் கடப்பாரையைத் தட்டிக் கேட்டார்: “இது எதுக்கு சார்?”

“அந்தக் காலத்துல தூரம் பத்தலைன்னா அதைத்தான் எடுப்போம்” என்றேன்.