ஒல்டருக்கு வந்த மாப்பிள்ளைக் கோட்

நடுப் பொத்தான் தெறித்து என் கத்தரிக்கோலின் மேல் விழுந்தபோது, கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கல்முனை பஸாரில் இத்தனை காலம் கோட் தைத்த எனக்கு அப்படியொரு கோபம் வந்ததில்லை. அளவில் பிழையில்லை. நிக்காஹ் எழுதிய மறுநாள் நானே எடுத்த அளவு. பிழை விருந்தில்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைக் கோட் பெண் வீட்டுச் செலவு. நிக்காஹ் எழுதிக் கல்யாணம் வைக்கும்வரை பெண்ணின் சொந்தக்காரர் வீடு வீடாகக் கூப்பிட்டு மாப்பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். மருதமுனையில் போன் திருத்துகிற அந்த ஒல்லிப் பொடியன் பாவம், எந்த வீட்டிலும் போதுமென்று சொல்லவில்லை.

கூட வந்த மாமியார், “ஒல்டர் பண்ணித் தாங்க மாஸ்டர், புதுசாத் தைக்க நேரமில்ல” என்றார்.

தையல் பழகுகிற பிள்ளைகள் கவனிக்க. ஒல்டர் என்பது இங்கிலீஷ் சொல். இருக்கிற உடுப்பை அதே உடுப்பாக வைத்துக்கொண்டு ஆளுக்கேற்ப மாற்றுவது. கோட்டை வெட்டி வெயிஸ்கோட் ஆக்கினால் அது ஒல்டர் இல்லை, வேறு உடுப்பு. தையலுக்குள் துணி விட்டிருந்தால்தான் ஒல்டரே நடக்கும். நான் விட்டிருந்தேன். அவ்வளவையும் பிரித்துக் கோட்டை அகலமாக்கிக் கொடுத்தேன்.

இனி விருந்தைக் கொஞ்சம் குறையுங்கள் ராத்தா என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“மருமகனுக்குச் சோறு குடுக்காதீங்கண்டு சொல்ற ஆள இப்பதான் காணுறன்” என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

சபை நடுவே கோட் கிழிந்தால் பிறகு என் கடைக்கு யார் வருவார்? பொடியனை ஒதுக்கமாகக் கூப்பிட்டேன்.

“மாப்பிள்ள, இனி உள்ளுக்குத் துணி இல்ல. உங்களத்தான் நீங்க ஒல்டர் பண்ணோணும்.”

“ஓம் மாஸ்டர்” என்றான். அந்த ஓமில் இருந்த பயத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. ஊசிப் பெட்டியோடு ஓடினேன். கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நோன்பு பிடித்திருக்கிறான் படுபாவி! நோன்பு என்றால் மாமியாரால் சோற்றை நீட்ட ஏலாதே. நோன்பு திறக்கவும் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தானாம்.

மாமியார் அழுதார். “நான் புள்ளயப் பட்டினி போட்டண்டு ஊரே கதைக்கும் மாஸ்டர்.”

தைக்க நேரமில்லை. முதுகுப் பக்கம் துணியை மடித்துக் குண்டூசி குத்தினேன். சாயக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மேடையில் அவன் நிமிர்ந்து இருந்த இருப்பைப் பார்த்து எல்லாரும் மெச்சினார்கள். பிறகு ஒவ்வொருவராக ஏறிக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பொடியன் கண்ணில் நீரோடு என்னையே பார்த்தான். பெண்ணின் மூத்த மாமா இரண்டு கையாலும் தட்டினார்.

ஆட்கள் சுற்றி இருந்து சாப்பிடும் சஹன் தட்டில் கைவைக்கும் முன்னும் பயத்தோடு என்னைத்தான் பார்த்தான்.

“சாப்பிடுங்க மாப்பிள்ள, ஊசி தாங்கும்” என்றேன்.

பிள்ளைகளே, ஒல்டர் என்ற சொல்லை உடுப்புக்கு மட்டும் பாவியுங்கள். ஆளுக்குப் பாவித்தால் ஊசி ஆளைத்தான் குத்தும்.