ஜீப்புக்கு ஒரு சப்பரம்

மோட்டார் வாகனச் சட்டம், முப்பத்தொன்பதாம் பிரிவு: பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. நாற்பத்து நான்காம் பிரிவு: பதிவு செய்ய வேண்டுமானால் வண்டியை அதிகாரி முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓட்டாமல் எப்படிக் கொண்டுவருவது என்பதைச் சட்டம் நம் புத்திக்கு விட்டுவிட்டது. இப்படி இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். சொந்தக் குடும்பத்திலேயே ஒருவர் மாட்டியபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு உற்சாகமாகவே இருந்தது.

மாட்டியவர் என் அத்தான், அக்காவின் கணவர். ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்து, சோழபுரத்தில் வீட்டு முற்றத்தில் நிறுத்தி நோண்டிக்கொண்டிருந்தார். காடு, மலை, ஆற்று மணல் எங்கும் போகும் வண்டி என்பார். நான் பார்க்க அது போனது முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத்தான். அக்கா மிளகாய் வத்தல் காயப்போடும் இடம் அது.

"வார வெள்ளிக்கிழமை காயலாங்கடைக்காரன் வாரான். அதுக்குள்ள இது ரோட்டுல போற வண்டிதான்னு ஒரு ஆபீசர் எழுதிக் குடுக்கட்டும். இல்லைன்னா எடைக்குப் போட்டுருவேன்" என்றாள் அக்கா.

அத்தான் ஜீப்பின் பானட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ ரூல் தெரிஞ்சவன்லா."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆய்வுக்குக் கிடைத்திருந்த நாள் வியாழக்கிழமை. கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் ரோட்டில் உருளும். உருண்டால் அது ஓட்டியதாக ஆகுமா என்பது விவாதத்துக்குரியது. ஆகவே, எந்த வகை டிரெய்லரில் ஏற்றிவந்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்பே பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டிருந்தேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

"லெட்டரப் போட்டுட்டு ஒக்காந்திருக்கான் பாரு" என்றாள் அக்கா. "ஏலே, டிரெய்லரத் தேடுங்கலே."

தேடினோம். மம்சாபுரத்தில் செங்கல் ஏற்றும் டிரெய்லர் ஒன்று இருந்தது. ஜீப்பை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் ஏற்றலாம். ராஜபாளையத்தில் ஜே.சி.பி. ஏற்றும் லாரி கிடைத்தது; அது உள்ளே வர வேண்டுமானால் அக்கா தெருவில் நாலு வீட்டை இடிக்க வேண்டும். அறுவடை மெஷின் ஏற்றுகிறவர் போனையே எடுக்கவில்லை. புதன்கிழமை மதியம், செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு சிறு கத்தோலிக்க ஆலயத்தின் பின்னால் தகரக் கொட்டகையில் அத்தான் அதைக் கண்டுபிடித்தார்: சப்பர டிரெய்லர். திருவிழாவில் சொரூபத்தை வைத்து டிராக்டரில் இழுத்து வருவார்களே, அது. தாழ்வான தளம். ஜீப்பை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சும். ஒரே குறை, மேலே சீரியல் பல்பு வளைவு. வெல்டிங் வைத்தது, கழற்ற முடியாது.

பொறுப்பில் இருந்த உபதேசியார் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "கொண்டு போங்க. ஆனா யாரும் செருப்புக் காலோட ஏறக் கூடாது."

அத்தான் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையோடு டிரெய்லரை ஒட்டி நிறுத்தி, கரையிலிருந்து வெறுங்காலோடு ஜீப்பை ஏற்றினார். தூசிக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடினோம். அதுதான் நாங்கள் செய்த தவறு. மூடியபின் வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். மெயின் ரோட்டு நெரிசலுக்கு வளைவு தாங்காது என்று மம்சாபுரம் வழி. டிராக்டர்காரருக்கு அந்த டிரெய்லரை ஒரே வேகத்தில்தான் இழுத்துப் பழக்கம்: பின்னால் ஜெபமாலை சொல்லி நடந்து வருகிறவர்களின் வேகம்.

"அண்ணே, செத்த வேகமாப் போகக் கூடாதா?"

"சாமி வண்டில்லா சார்."

மம்சாபுரத்தில் ஒரு பெண்மணி கும்பிட்டபடி ரோட்டுக்கு வந்தார். டிராக்டர் நின்றது. சப்பரத்தை யாராவது கும்பிட்டால் நிற்க வேண்டும், அது மரபு. ஒருவர் பத்துப் பேரானார்கள். பெட்டிக்கடையிலிருந்து உப்பும் மிளகும் வந்தன. சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் போடுவது எங்கள் பக்கத்து நேர்ச்சை. தார்ப்பாயின் இடைவெளிக்குள் கைப்பிடி கைப்பிடியாக விழுந்தது.

அத்தான் அலறினார். "எம்மா, உப்பப் போடாதீய! துருப் புடிச்சிரும்! இது ஜீப்பு!"

"எதுவா இருந்தா என்ன? சப்பரத்துல வந்திருக்குல்லா" என்றார் அந்தப் பெண்மணி, இன்னொரு கைப்பிடியை அள்ளியபடி. "எம் மவனுக்குப் போலீஸ் வேல கெடைக்கணும்னு வேண்டியிருக்கேன். நீங்க செத்த ஒதுங்குங்க."

அதற்குப் பிறகு அத்தான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, உப்பு விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வு மைதானத்தில் நுழைந்தபோது, ஆய்வாளர் கோப்பை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். பல்பு வளைவோடு சப்பரம் வருகிறது. சட்டென்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகூப்பி நின்றார்.

அத்தான் தார்ப்பாயை விலக்கினார். ஆய்வாளர் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில் மைதானத்து நாய்கள் எழுந்து நின்றன.

"கழட்டினது கழட்டியாச்சு. ஏறிப் பாத்துருவோம்."

இறக்குவதற்கு அங்கே கரையும் இல்லை, மேடும் இல்லை. ஆகவே ஆய்வு சப்பரத்தின் மேலேயே நடந்தது. சேசிஸ் நம்பரின் மேல் இருந்த உப்பை ஊதிவிட்டு, காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்தார். வண்டி ஓடிக்காட்ட வேண்டும் என்பது விதி. அத்தான் ஒரு சாண் முன்னால் ஓட்டினார், ஒரு சாண் பின்னால் ஓட்டினார். "பிரேக் நல்லாப் புடிக்குது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆய்வாளர். இறங்கும்போது டிரெய்லரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காயலாங்கடைக்காரர் வந்தார். அக்கா அவரிடம் பழைய சைக்கிள் ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினாள். பதிவெண் வந்த பிறகு, வத்தல் மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிப்போக அந்த ஜீப்தான். முன் சீட்டில் அக்கா. அத்தான் இன்னும் மூலை முடுக்கிலிருந்து மிளகு பொறுக்குகிறார், ரசத்துக்கு ஆகிறது.

என் கடிதத்துக்கும் பதில் வந்தது. "வாகனத்தைப் பொருத்தமான டிரெய்லரில் ஏற்றிவரவும்." எது பொருத்தம் என்று அதில் இல்லை. அது என் கைக்குக் கிடைத்தது ஆடிப்பூரத்தன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை; பதில் எழுதிய அலுவலகம் பூட்டிக் கிடந்தது.