சூட்டிக்காக எனக்கு வந்த காய்ச்சல்

லீவு எடுப்பதில் காட்டும் திறமையில் பாதியை வேலையில் காட்டியிருந்தால் மாமா இந்நேரம் கொழும்பில் சொந்தக் கடை போட்டிருப்பார் என்று அப்பா சொல்வதுண்டு. மாமாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பையன்கள் எல்லோருமே அப்படித்தான். பொங்கல், தீபாவளி, தோட்டத்துத் திருவிழா தவிர வேறு நாளில் ஊருக்கு வரவேண்டுமானால் வீட்டில் யாராவது சாக வேண்டும். மாமா எங்கள் கொள்ளுத்தாத்தாவை இரண்டு முறை சாகடித்திருந்தார். பிறகு அந்தக் கிழவர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தபோது முதலாளி நம்பவில்லை. இன்னொரு பொய் சொன்னால் கடைப்பக்கமே வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சூட்டிக்கு முடியாமல் போனது. சூட்டி எங்கள் நாய். பள்ளிக்கூடம் போன காலத்தில் ஸ்டேஷனில் கிடந்த குட்டியை மாமா சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து வளர்த்தார். இப்போது அது கிழடாகி, சோற்றை மோந்துகூடப் பார்க்காமல் என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. போனில் மாமாவின் முகத்தைக் காட்டினால் மட்டும் வாலை லேசாக அசைக்கும்.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்கு அதன் பக்கத்திலேயே இருந்து பார்க்க வழியில்லை. தோட்டத்தில் மனிதருக்குக் காய்ச்சல் என்றாலே மருந்துக்கார ஐயா துண்டு எழுதித் தந்தால்தான் லீவு. நாய்க்கு லீவு கேட்டால் கங்காணி ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதனால் அம்மா மாமாவுக்கு போன் போட்டாள்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போடா. அது ஒனக்காகத்தான் உசிர வச்சிக்கிட்டு இருக்கு. ஆனா ஒண்ணு, யாரையும் சாகடிக்காத."

மாமா சொல் தட்டவில்லை. அக்கா மகளுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். அந்த அக்கா மகள் நான்தான்.

வந்த நாளிலிருந்து மாமா தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி சூட்டியோடு பேசிக்கொண்டே இருந்தார். பாலை விரலில் தொட்டு அதன் வாயில் தடவினார். அது அவர் கையை நக்கியதே தவிர பாலைக் குடிக்கவில்லை. ஒன்றை மட்டும் மாமா மறந்துபோனார். அது ஏப்ரல் மாதம். கொழும்பு ஆட்கள் குளிர் பார்க்க எங்களுக்குப் பக்கத்து நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பி வரும் மாதம்.

மறுநாள் போன் வந்தது. முதலாளியின் குரல் எனக்கே கேட்டது.

"தம்பி, உங்கட தோட்டத்துக் கோயிலடியில வேனை நிப்பாட்டியிருக்கிறன். பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வாசலில் பையன்களோடு கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த என்னை மாமா பந்தோடு சேர்த்துத் தூக்கிவந்து கட்டிலில் போட்டு, கம்பளியால் கழுத்துவரை மூடினார். "மாமா வேல ஒன் கையிலதான் இருக்கு தங்கம், எந்திரிச்சிராத" என்று கெஞ்சினார். எனக்கு என்ன நோய் என்று பேசி முடிவு செய்ய யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வெயில் அடிக்கிற பகலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு முதலாளி வந்தார். கையில் ஆப்பிளும் பிஸ்கட்டும் இருந்தன. "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்றார்.

"காச்சலுங்க" என்றாள் அம்மா. "இருமலுங்க" என்றார் மாமா, அதே நேரத்தில். நான் இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காமல் நடுங்கிக்கொண்டே இருமினேன். அப்போதுதான் தேயிலை மலையில் வேலை முடிந்து திரும்பிய அப்பா வாசலில் நின்று பார்த்தார். குல்லா, ஆப்பிள், கம்பளி எல்லாம் பார்த்து விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தானும் உதவ வேண்டும் என்று, "ரெண்டு நாளா வயித்தால போகுதுங்க" என்றார்.

"அப்ப பழம் குடுக்க வேண்டாம்" என்று முதலாளி ஆப்பிளை எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். அப்பாவை அதற்காக நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெளியே பையன்கள் பொறுமை இழந்தார்கள். "அடியே, பந்தக் குடுத்துட்டுப் படுத்துக்கடி!" என்று ஒருவன் கத்தினான். நான் திடுக்கிட்டுப் புரண்டதில் கம்பளிக்குள் இருந்த பந்து விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. முதலாளி அதை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

அங்கே அம்மா கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் பழைய படங்கின் மேல் சூட்டி படுத்திருந்தது. அதற்குப் போர்த்தியிருந்தது மாமாவின் கடைச் சட்டை. முதுகில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?" என்று முதலாளி குனிந்தபடியே கேட்டார்.

"காலையிலகூட ரெண்டு ரொட்டி தின்னா..." என்று தொடங்கிய அம்மா பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நாலஞ்சு நாளாங்க" என்று சொல்லும்போதே மாமா அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. நோயாளி அழலாமா கூடாதா என்று தெரியாமல் அதையும் இருமலோடு சேர்த்துவிட்டேன்.

முதலாளி நல்ல காற்சட்டையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சூட்டியின் நெற்றியில் கையை வைத்தார். வேனிலிருந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தும் எழவில்லை. கடைசியில் எழுந்து மாமாவின் தோளைத் தட்டினார்.

"நீ கூட இருந்து எல்லாம் முடிச்சிட்டு ஆறுதலா வா. கடையை நான் பாக்கிறன்."

அடுத்த நாள் மத்தியானம் மாமாவின் மடியில் தலை வைத்தபடியே சூட்டி போய்விட்டது. லயத்துக்கு மேலே மழைத்தண்ணீர் ஓடும் கானோரமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். மாமா வேலைக்குத் திரும்பிப் போனார். முதலாளி லீவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம்.

ஒரு கொழும்பு முதலாளியையே நடிப்பால் ஏமாற்றியவள் என்று லயத்துப் பையன்களிடம் நான் வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரே ஒரு குறைதான் மனதில் இருந்தது. காய்ச்சல் என்று அவ்வளவு தூரம் பார்க்க வந்த மனிதர் என் நெற்றியைத் தொட்டே பார்க்கவில்லை. கட்டிலில் நான் ஒருத்தி நடுங்கிக்கொண்டு கிடக்க, கீழே கிடந்த நாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாரே, கொழும்பு ஆட்களுக்குக் காய்ச்சல் பார்க்கவே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.