கண்ணாடிக்காகச் செய்த மேஜை

எங்கள் ஊரில் எது கெட்டாலும் குளிரைத்தான் சொல்வார்கள். பிள்ளை படிக்கவில்லையா, குளிர். மாவு புளிக்கவில்லையா, குளிர். புருஷன் குடித்துவிட்டு வந்தானா, அதற்கும் குளிர். என் வலது கை கெட்டபோதும் எல்லோரும் கொடைக்கானல் குளிரின் மேல்தான் பழியைப் போட்டார்கள். நானும் நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு சாக்லேட் கடையில் எனக்கு வேலை. போர்டில் ‘ஹோம் மேட்’ என்று இருக்கும். எந்த வீட்டில் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சுவதும் அச்சில் ஊற்றுவதும் பின்கட்டில் நடக்கும். கடைக்குள் நுழைந்ததும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்ட ஒரு அறை. அதற்குள் நாங்கள் மூன்று பெண்கள் நின்றுகொண்டு சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுவோம். துண்டை ஜிகினாத் தாளில் வைத்து மடித்து, இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஒரு முறுக்கு. காலையில் தொடங்கினால் கடை சாத்தும் வரைக்கும் அந்த முறுக்குதான். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் தவிர உடம்பில் வேறு எதற்கும் வேலை கிடையாது.

கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நிற்கும். பழனியில் மொட்டை போட்டு, சந்தனம் பூசின தலையோடு குடும்பம் குடும்பமாக மேலே வருவார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்க்கும். பெரியவர்கள் போனில் படம் பிடிப்பார்கள். பின்வரிசையில் நிற்பவருக்கும் எங்கள் கை தெரிய வேண்டும் என்பதற்காக முதலாளி அந்த மேஜையை உயரமாகச் செய்திருந்தார். எனக்கு அது நெஞ்சு மட்டம். நாள் முழுக்க முழங்கையைத் தூக்கியபடியே முறுக்க வேண்டும். ஸ்டூல் கேட்டதற்கு, “உக்காந்தா பாக்குறவங்களுக்கு சோம்பேறித்தனமாத் தெரியும்மா. நின்னாத்தான் ஆக்டிவா இருக்கும்” என்றார். அவர் அதை உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். போதாக்குறைக்கு, விளக்குச் சூட்டில் சாக்லேட் இளகாமல் இருக்க ஏசி வேறு. கொடைக்கானலில் ஏசி போட்டுக்கொண்டு நடுங்கின ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

முதலில் கட்டைவிரலின் அடியில் ஒரு சுருக்கென்ற வலி. பிறகு தோள் இறுகியது. பிறகு தோசைக்கல்லைத் தூக்கினால் கை நழுவியது. என்னோடு தாள் சுற்றும் அக்கா பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நீ கீழ இருந்து வந்தவ புள்ள. மலைக்குளிரு ஒனக்கு ஒத்துக்கல. தைலத்தத் தேய்ச்சுக் கட்டிட்டுப் படு, வெரசா விட்டுரும்” என்றார். அவர் பிறந்ததே மலையில். அவருடைய மணிக்கட்டிலும் தைலத்தில் நனைத்த துணி கட்டியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

தைலத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? பத்துக் கடைக்கு எட்டுக் கடையில் யூகலிப்டஸ் தைலம்தான். முதலாளியும் அதில் தாராளம் காட்டினார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு தைல பாட்டில், கம்பளிக் கையுறை ஒரு ஜோடி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. கையுறை போட்டுக்கொண்டு தாள் சுற்ற முடியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அதை வாங்கிக்கொண்டு “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

இரண்டாம் வகுப்புப் படித்த என் மகளுக்கு அப்போது இடுப்பு வரைக்கும் முடி. பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டியே ஆக வேண்டும். தினமும் காலையில் என் முழங்கால்களுக்கு நடுவே வந்து உட்காருவாள். நேற்று என்ன நடந்தது, யார் யாரைக் கிள்ளினாள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். எனக்கென்று ஒரு நாளில் இருந்த நேரம் அது ஒன்றுதான். பிறகு சடையின் மூன்று கால்களையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கக் கட்டைவிரல் மறுத்தது. பின்னல் பாதியில் அவிழும். “அம்மா, மிஸ் திட்டுறாங்கம்மா” என்று அழுதுகொண்டே வருவாள். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறவர், விடியுமுன்னே கிளம்பிவிடுவார். வீட்டில் இருந்த ஒரு நாள் அவர் பின்னிப் பார்த்தார். கயிறு திரித்தது மாதிரி இருந்தது. மூன்று பேரும் சிரித்தோம். மறுநாள் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் ஸ்கூல் லீவில் பழனிக்கு, அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “குளிரு எலும்புல ஏறிருச்சுடி. பிள்ள முடியத் தண்டாயுதபாணிக்குக் குடுத்துருவோம். ஒன் கையி சரியாயிரும். நீயுந்தான் பின்ன முடியாமக் கெடக்க” என்றார். வேண்டுதலுக்கு வேண்டுதல், வசதிக்கு வசதி. எனக்கும் அது சரியென்றே பட்டது. மகள் அழவில்லை. “முடி குடுத்தா அம்மா கை நல்லாயிருமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அம்மா ஆமாம் என்றார். மொட்டை போடும் இடத்தில் தானே குனிந்து உட்கார்ந்துகொண்டாள். ஈர முடி மடியில் கொத்துக்கொத்தாக விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழனி மே வெயில் தெரியும்தானே? தார் ரோடு இளகும். குளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வெயிலில், அம்மா வீட்டு வாசலில் துணி பிழிந்தபோது கட்டைவிரலில் கத்தி இறங்கினது போல வலித்தது. வாளியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். இங்கே எங்கே இருக்கிறது குளிர்?

மறுநாள் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண். கையைத் தொடுவதற்கு முன்னால், “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “எந்திரிச்சு நின்னு செஞ்சு காட்டுங்க” என்றார். வெறுங்கையில், இல்லாத மேஜையில், இல்லாத சாக்லேட்டை முறுக்கிக் காட்டினேன். என் முழங்கை தானாக மேலே போய் நின்றது. அவர் எழுந்து வந்து என் தோள்களை இரண்டு கைகளாலும் அமுக்கிக் கீழே இறக்கினார். முழங்கை விலாவை ஒட்டி வந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே தன் உள்ளங்கையை வைத்து, “மேஜை இங்க இருக்கணும். அங்க இல்ல” என்றார்.

“குளிருன்னு சொன்னாங்களே டாக்டர்?”

“குளிரு வலியக் கொஞ்சம் கூட்டும். உண்டாக்காது. ஒரே முறுக்கு, ஒரே விரல், தூக்கின கை, இடையில ஓய்வே இல்ல. கட்டைவிரலுக்குப் போற தசைநாண் உரசி உரசி வீங்கிருச்சு. வலிக்க ஆரம்பிச்சப்பவே மேஜையை எறக்கி, வேலையை மாத்தி மாத்திக் குடுத்து, அப்பப்ப கையை விட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

கைக்கு ஒரு பட்டை கொடுத்தார். ஊசி போட்டார். மலை பஸ்ஸில் வரும்போது மகள் என் மடியில் தூங்கினாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்த மொட்டைத் தலை. நான் முருகனைக் குறை சொல்லவில்லை. மேஜையை அவர் செய்யவில்லை. ஆனால் நாலு மரக்கால்களை வெட்ட வேண்டிய இடத்தில் நாங்கள் குழந்தையின் முடியை வெட்டியிருக்கிறோம் என்று தெரிந்தபோது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது.

முதலாளியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். மேஜையை இறக்குங்கள், ஆள் மாற்றி வேலை கொடுங்கள், ஊற்றுகிற இடத்தில் பாதி நேரம் நிற்கிறோம், நடுவில் கொஞ்சம் கையை விடுகிறோம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “மேஜையை எறக்கினா பின்னாடி நிக்கிறவங்களுக்கு ஒங்க கை தெரியாதேம்மா” என்றார். என் கை யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் சார் பிரச்சினையே என்று சொல்ல வந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவர் கோயம்புத்தூர் போயிருந்த வாரம், பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த லாட்ஜில் செங்கல் கேட்டு வாங்கி, மேலே பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றோம். மேஜை இறங்காவிட்டால் நாங்கள் ஏறிக்கொள்கிறோம். பூம்பாறை அக்கா அன்று மத்தியானமே, “ஏ புள்ள, என் தோளு ரெண்டும் கீழ எறங்கிருச்சுடி” என்று சத்தமாகச் சிரித்தார். திரும்பி வந்த முதலாளி முதலில் பார்த்தது எங்களை இல்லை, செங்கலை. “கண்ணாடி வழியா கல்லு தெரியுது. போட்டோவுல அசிங்கமா விழும்” என்று எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

அதற்குப் பிறகு என் கட்டைவிரல் முறுக்கவே மறுத்துவிட்டது. என்னைக் கல்லாவில் நிறுத்தினார். வலது கையால் பொட்டலத்தைத் தூக்க முடியாமல் இடது கையால் நீட்டினேன். “என்னம்மா, நொட்டாங்கையில குடுக்குற?” என்று வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு பெரியவர் வாங்காமலே போய்விட்டார். அதனால் முதலாளி என்னைப் பின்கட்டில் லேபிள் ஒட்டும் வேலைக்கு இறக்கினார், சம்பளத்தையும் இறக்கினார். இறக்க முடியாதது அந்த மேஜை ஒன்றுதான்.

போன சீசனுக்கு முன்னால் அவர் மருமகள் வந்திருந்தாள். கடைக்கு ரீல்ஸ் எடுக்க வேண்டுமாம். என்னுடைய இடத்தில் நின்று, பூம்பாறை அக்கா சொல்லிக் கொடுக்க, சிரித்துக்கொண்டே தாள் சுற்றினாள். அரை மணி நேரம் இருக்கும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வலித்தது, சொன்னாள். “மாமா, இந்த டேபிள் ரொம்ப ஹைட். எனக்கு ஷோல்டரே போயிருச்சு. இதுல எப்படி நாள் பூரா நிக்கிறாங்க?” என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இவருக்கு அதுகூட வர வேண்டியிருக்கவில்லை, மருமகளுக்கு வந்ததே போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆசாரி ரம்பத்தோடு வந்தார். மேஜையைக் கவிழ்த்துப் போட்டு, கோடு கிழித்து, நாலு காலையும் அறுத்தார். நான் லேபிளை வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தேன். அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நிமிர்த்தி வைத்தார்கள். டாக்டர் உள்ளங்கை வைத்துக் காட்டின அதே இடம். பின்வரிசைக்குக் கை தெரிவதற்காக மேலே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினார்கள். நன்றாகவே தெரிந்தது. “நல்லாருக்குல்ல?” என்று முதலாளி எல்லோரையும் கேட்டார். பூம்பாறை அக்கா என்னைப் பார்த்தார்.

அறுத்துப் போட்ட நாலு கட்டைகளும் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். “யாருக்காவது அடுப்புக்கு வேணும்னா எடுத்துக்கங்க” என்றார் முதலாளி. நான் எடுத்துக்கொண்டேன், இடது கையால்.

ஞாயிற்றுக்கிழமை அதை எரித்து வெந்நீர் வைத்தேன். காய்ந்த மரம், நன்றாக எரிந்தது. மகள் தலைக்குக் குளித்தாள். கொடுத்த முடி இத்தனை வருஷத்தில் வளர்ந்து தோளைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மறுபடியும் இரட்டைச் சடை போடச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் சீப்பும் ரிப்பனுமாக வந்து, பழக்கத்தில் என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து, சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு, பின்னிக்கொள்ள எதிர்வீட்டுக்குப் போனாள்.