பூனை செத்த பக்கம்

கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் விடியுமுன்னே விளக்கு எரியும். எல்லாம் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். எங்கள் வீடும் அதில் ஒன்று. என் கணவர் அங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. வந்ததும் குளியல், சாப்பாடு, தூக்கம். பேச ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம், அதிலும் பாதியை அவர் தூங்கியே தீர்த்துவிடுவார். நான் மட்டும் என்ன சுகமாகவா இருக்கிறேன்? டவுனில் ஒரு டயர் கடை கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நட்டைக் கழற்றும் மெஷினின் சத்தம். வீட்டுக்கு வந்த பிறகு யாராவது மெதுவாகப் பேசினால்கூட எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள். ஆக, எங்கள் இருவருக்கும் நடுவில் உருப்படியாக மிஞ்சியிருந்தது ஒரு காமிக்ஸ் கதைதான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் கல்யாணமே காமிக்ஸால் நடந்தது.

அப்போது நான் யோங் பெங்கில் இருந்தேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் கடை. தமிழ்நாட்டு வாரப் பத்திரிகைகளோடு மாதத்துக்கு ஒரு காமிக்ஸ் வரும். சாணித்தாளில் அச்சடித்த ஒல்லி இதழ், நடுவில் இரண்டு பின். கடைக்கு வருவது ஒரே ஒரு பிரதி. சில மாதம் அதுவும் வராது. வந்த மாதங்களில் எனக்கு முன்னால் பக்கத்து ஊரான சாஆவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் கடைக்கார பாயிடம் சண்டைக்கு நின்றேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பஞ்சாயத்துப் பண்ணினார். "அந்தத் தம்பி மொதல்ல படிக்கட்டும், அடுத்த வாரம் கடையிலயே வெச்சிட்டுப் போவாரு, நீ எடுத்துக்க. மாசத்துக்கு ஒருக்கா என் உயிர எடுக்காதீங்க ரெண்டு பேரும்."

அப்படித்தான் பல மாதம் ஆளையே பார்க்காமல் ஒரு ஆளின் எச்சில் புத்தகத்தைப் படித்தேன். எச்சில் என்று சொல்வது மிகையில்லை. பக்கத்துக்குப் பக்கம் கறிபாப் எண்ணெய்க் கறை. ஆரம்பத்தில் அருவருப்பாக இருந்தது. போகப் போக ஒன்று புரிந்தது. கதை சூடுபிடிக்கும் பக்கங்களில் மட்டும் கறையே இருக்காது. அந்த இடத்தில் மனிதர் சாப்பிட மறந்திருக்கிறார். கறையில்லாத பக்கம் வரப்போகிறது என்று தெரிந்தாலே எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் அவர் இதழைத் திருப்பி வைக்க வந்த நேரத்தில் நானும் போய் நின்றேன். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் விரல்கள்தான். எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்தக் காலத்திலேயே எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது. முன்னால் படித்தவர் கதையைச் சொல்லக் கூடாது. பின்னால் படிப்பவர் எட்டிப் பிடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். பிறகு பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே போயிற்று. கடை மூடியது, இதழ் வருவது நின்றது, பிள்ளைகள் வந்தார்கள், காமிக்ஸ் ஒரு துணிப்பெட்டிக்குள் போய் ராமபாணப் பூச்சிக்கு உணவாயிற்று. எங்களுக்கு அதைத் திறந்து பார்க்கக்கூட நேரம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள்தான் எங்கள் இரண்டு போனிலும் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். எங்கள் பழைய கதாநாயகன் அதில் இருந்தான். ஒற்றைக் கண் கப்பல் சமையல்காரன். எந்தத் துறைமுகத்தில் கொலை நடந்தாலும் கரண்டியை வைத்துவிட்டுத் துப்புத் துலக்கக் கிளம்பிவிடுவான். கூடவே அவனுடைய சாம்பல் நிறப் பூனை. யோங் பெங் காலத்தில் அது குட்டி. இப்போது வந்திருக்கும் பெரிய கதையில் அதற்கும் வயதாகிவிட்டது.

ஆப்பில் ஒரு வசதி, அல்லது தொல்லை. இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. ஒருவர் எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறாரோ, மற்றவர் போனிலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். அவர் காலையில் பஸ்ஸில் படிப்பார். நான் மத்தியானம், கடைக்குப் பின்னால் அடுக்கிய டயர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் விட்ட இடத்துக்குப் பின்னோக்கித் தள்ளிப் போய், அங்கிருந்து அவர் நின்ற பக்கம் வரை படிப்பேன். அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் போகமாட்டேன்; பழைய கட்டுப்பாட்டை நான் இப்படித்தான் காத்தேன். துப்பாக்கி வெடிக்கிற இடமாக இருந்தாலும் சரி, போனை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். இதழ் படித்த காலத்தில் அடுத்த மாதத்துக்குக் காத்திருந்தது போலத்தான். முழுப் பக்கமாகப் பார்த்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பதால் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கித்தான் படிப்பேன்.

அந்தப் பக்க எண்தான் எனக்கு அவரிடமிருந்து வரும் கடிதம். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்கள் என்றால், "சேந்துட்டா சேந்துட்டேன், இதுல என்னா மெசேஜ்" என்கிற ஆள் அவர். கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் ஆப்பைத் திறப்பேன். பக்கம் நகர்ந்திருந்தால் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிவிட்டார். இரண்டு பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் இன்றைக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, பாவம். இருபது பக்கம் போயிருந்தால் ஜாம், ஆனால் மனிதர் நல்ல மனநிலையில் இருக்கிறார். சண்டைக் காட்சியை ஒரே மூச்சில் தாண்டியிருந்தால் சூப்பர்வைசரோடு தகராறு. ஜோசியக்காரி தோற்றாள் போங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, "இந்த வாரம் புதன்கிழமை ரொம்ப டயர்டா?" என்று கேட்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "ம், எப்புடித் தெரியும்?" என்பார். எனக்கு அப்படியொரு பெருமை.

தீபாவளிக்கு முன்னால் அந்தப் பூனை செத்தது. சூறாவளியில் கப்பல் கவிழப் போகிறது. பாய்மரக் கயிற்றில் மாட்டிக்கொண்ட சமையல்காரனை எழுப்பப் பூனை கத்திக் கத்தி, கடைசியில் அலையோடு போய்விடுகிறது. மழை பெய்கிற ஒரு மத்தியானத்தில் அதைப் படித்தேன். அழுதேன், நிஜமாகவே. கடை முதலாளி தவுக்கே எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். பூனை செத்துவிட்டது என்றேன். பாவம், நல்ல மனிதர், அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

என் கணவரும் அன்று காலையில் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தார். சாயங்காலம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. அவருக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்பா இறந்தபோதும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தார். துக்கத்தைக் கிளற வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று தெரியாமல், சென்னைக்குப் போன தோழியிடம் அந்தக் கதையின் குண்டு புத்தகத்தை வாங்கி வரச் சொன்னேன். எல்லா இதழ்களையும் ஒன்றாகச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு, வழவழப்பான தாளில் அச்சடித்தது. நல்ல கனம். நெஞ்சில் வைத்துப் படித்தால் மூச்சு முட்டும். இரண்டு பக்கத்துக்குப் பரந்த படங்களில் கப்பலின் நடுப்பாகம் தையலுக்குள் போய்விடுகிறது. இருந்தாலும் அழகு. ஒரு கறை கிடையாது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு அதை நடுவாக்கில் திறந்தார். நான் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"பூனையக் காணோமே. எங்க போச்சு அது?"

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"அது செத்துப்போச்சே. நீங்கதான் படிச்சீங்களே."

புத்தகத்தை மூடி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படிக்க எங்கலா முடியுது. பஸ்ல ஒக்காந்தா கண்ணு தானா மூடிக்குது. பாலம் தாண்டுனதும் பக்கத்துல இருக்கறவரு எழுப்புவாரு. அப்ப நாலு தடவ தள்ளிவிட்ருவேன். சில நேரம் கை தூக்கத்துல கூடத் தள்ளிரும்."

"எதுக்கு?"

"நீ பாப்பல்ல. நான் சேந்துட்டேன்னு தெரியும்ல."

"எத்தன நாளா இப்புடி?"

"ஆரம்பத்துல படிச்சேன். அப்புறம்... தெரியலமா."

இதைக் கேட்டு உருகியிருக்க வேண்டும், தெரியும். இப்போது எழுதும்போது எனக்கே கொஞ்சம் உருகத்தான் செய்கிறது. அன்றைக்கு வந்தது கோபம்தான். மாதக்கணக்காக நான் ஜோசியம் பார்த்தது ஒரு தூங்குமூஞ்சியின் கட்டைவிரலை. அந்த விரல் நின்ற இடத்தில் நானும் நின்றேன். குண்டு பாய்வதற்கு முன்னால், கதவு திறப்பதற்கு முன்னால், கொலைகாரன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், எனக்கும் அலுப்பாக இருந்த அத்தனை மத்தியானங்களிலும். பூனைக்காக இந்த வீட்டில் இரண்டு பேர் துக்கம் காத்தோம் என்று நினைத்திருந்தேன். ஒருத்தி மட்டும்தான் காத்திருக்கிறாள். அவருக்கு அலுப்பு என்றால் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் என் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போயிருப்பேன். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் பாதியில் தூங்கிப் போயிருந்தார்.

மறுநாள் மத்தியானம் டயர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன். காலையில் வழக்கம்போல நான்கைந்து பக்கம் நகர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தைத் தாண்டினேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து காத்துவந்த கட்டுப்பாடு, ஒரு விரல் தள்ளலில் போயிற்று. நிறுத்தவே இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் கவுண்டருக்கு அடியில் வைத்துப் படித்தேன். கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டேன். சமையல்காரன் கப்பலைவிட்டு இறங்கி நடந்து போகிறான், கதை முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அப்படியே வைத்து மூடினேன். அவர் போனிலும் இப்போது அந்தப் பக்கம்தான் திறக்கும். பார்க்கட்டும், நான் போய்விட்டேன் என்று தெரியட்டும் என்று நினைத்தேன்.

கதையின் முடிவு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அது அப்போதே உறைத்தது. அன்று சாயங்காலம் வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இல்லாததைக்கூட அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்தும் ஆப்பைத் திறக்கவில்லை. இனி அதில் என்ன இருக்கிறது? கதைதான் முடிந்துவிட்டதே, தள்ளுவதற்கு அவருக்குப் பக்கமும் இல்லை. ஒன்பது மணி ஆனதும் மனசு கேட்கவில்லை. பாலத்தில் ஏதோ லாரி கவிழ்ந்து ஜாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். போனை எடுத்தேன்.

முதல் பக்கம் திறந்தது.

போன் தொலைந்து யார் கையிலாவது கிடைத்துவிட்டதா? கணக்கே அழிந்துபோனதா? மூடித் திறந்தேன். இரண்டாம் பக்கம். மெக்கானிக் ஏதோ விலை கேட்டார், சொன்னேன். திரும்பப் பார்த்தபோது மூன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் நல்ல நேரம் போயிற்று. தள்ளிவிடுகிற விரலுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டது. மத்தியானம்வரை அங்கேயே இருந்தது. தூங்கியிருப்பார்.

சாயங்காலம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் பூனை மொதப் பக்கத்துலயே நொண்டுது. கவனிச்சியா?"

"இல்லியே."

"கண்ணாடிய மறந்துட்டுப் போய்ட்டேன். எழுத்து ஒண்ணும் தெரியல. படத்த மட்டும் பாத்தேன்."

குளிக்கப் போய்விட்டார். நான் குண்டு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். துறைமுகம், கூட்டம், மூட்டை தூக்குகிறவர்கள். கீழே ஓரத்தில், எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காமல், சாம்பல் நிறப் பூனை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சமையல்காரனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் மத்தியானம் முதல் பக்கத்திலிருந்து படித்தேன், இந்தத் தடவை முழுப் பக்கமாகவே வைத்துக்கொண்டு. கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியும். அவர் இன்னும் நாலாம் பக்கத்திலேயே நின்றிருந்தார்; அன்று காலையில் தள்ளாமலேயே தூங்கியிருப்பார். நானும் நாலாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன்.