திரைக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

சினிமாவிலும் பிறகு டிவியிலுமாகப் பலமுறை செத்தவன் நான். கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, நெஞ்சுவலி என்று எனக்கு வராத சாவு இல்லை. ஹீரோ நிமிர்ந்து நிற்க யாராவது ஒருவன் விழுந்தாக வேண்டுமே! விழப் பழகியது எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில், அம்மன் கோயில் கூத்தில்.

எங்கள் கூத்தில் ஒரு வழக்கம். கடைசி நாள் படுகளம் என்கிற போர்க் காட்சியில் செத்து விழுகிற வேஷக்காரர்கள் தாங்களாக எழுந்துவிடக் கூடாது. பூசாரி வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து உயிர் எழுப்ப வேண்டும். அதன் பிறகுதான் வீடு. வருஷா வருஷம் என் இளவரசன் வேஷத்துக்குச் சாவுதான். எறும்பு கடித்தாலும் அசைய மாட்டேன். தண்ணீர் விழும்வரை அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கூத்தில் என்னைப் பார்த்த ஒருவர் மெட்ராஸுக்கு அழைத்துப்போய் ஒரு படத்தில் சேர்த்துவிட்டார். அடியாள் வேஷம். ஹீரோ குத்தினார், விழுந்தேன், ‘கட்’ என்றார்கள். நான் எழவில்லை. பழக்கதோஷம்! யாராவது தண்ணீர் தெளிப்பார்கள் என்று கண்ணை மூடிக் கிடந்தேன்.

"யோவ், எழுந்திருய்யா, சாப்பாடு வந்தாச்சு" என்று ஒருவர் தோளைத் தட்டினார். அசடு வழிய எழுந்து போனேன்.

படம் பக்கத்து ஊரான கும்மிடிப்பூண்டி டென்ட் கொட்டகைக்கு வந்தது. அம்மா பார்த்த முதல் சினிமா அதுதான். திரையில் என் முகம் வந்ததும் எனக்கே மூச்சு நின்றது. கொட்டகை உயரத்துக்கு என் முகம்! மீசை மட்டுமே ஓர் ஆள் நீளம். பிறகு குத்துப்பட்டு விழுந்தேன். உடனே பாட்டு தொடங்கிவிட்டது. அம்மா மட்டும் நான் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, எழுப்பாமயே உட்டுட்டானுங்க?"

"நான் இங்கதாம்மா குந்திகினு கீறேன்."

"நீ இங்க கீற. அவன் அங்க கெடக்கறானே."

அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்த படத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். "இந்தப் பொழப்பு வேணாம்" என்று ஒரே பிடியாக நின்றாள். அவளை மீறிப் போக எனக்கு மனமில்லை. போகாவிட்டால் அந்தப் பெரிய முகம் அத்தோடு சரி.

மறுநாள் மாலை ஆட்டத்துக்கு அவளே கிளம்பினாள். கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, வேப்பிலைக் கொத்து. நான் விழுந்ததும் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரையை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, குந்து! மறைக்குது!" என்று ஒருவன் கத்தினான்.

அவள் வேப்பிலையை நனைத்துத் திரையில் தெளித்தாள். அதற்குள் பாட்டு வந்துவிட்டதால் தண்ணீர் விழுந்தது ஹீரோயின் முகத்தில். யாரும் சிரிக்கவில்லை. படுகளம் பார்த்து வளர்ந்த ஜனம். கோயிலில் எழுவதைப் போலத் தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்றது. எத்தனையோ கைதட்டல் வாங்கிவிட்டேன், அப்படி ஒரு மௌனம் பிறகு கிடைக்கவே இல்லை.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போ நைனா. எத்தினி வாட்டி வேணா சாவு. படம் இங்க வந்தா நான் எழுப்பிக்கிறேன்."

சொன்னபடி ஒவ்வொரு படத்துக்கும் சொம்போடு வந்தாள். கொட்டகைக்காரர் அவளிடம் டிக்கெட் கேட்டதே இல்லை. டிவி வந்த பிறகு வீட்டு டிவிப் பெட்டிக்கும் தெளித்தாள்.

அவள் போன பிறகும் சாகிற வேஷங்கள் வந்தன. ஒன்றைக்கூட நான் ஒத்துக்கொள்ளவில்லை.