இரண்டு பைப்பும் ஐந்து தகரமும்

1954 பெப்ரவரி 8, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். வட்டகொடைப் பக்கத்து மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்து ஆட்களை மலைக்கு அனுப்பியதும் துரை என்னை விரலால் அழைத்தார்.

"கிளாக்கர், பைப்பிலே தண்ணி இருக்கு. பொம்பளை இல்லே. ஏன்?"

நான் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஒன்பது நாள். ஆறு மாதம் முடிந்தால் ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் வீடு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேட்டு லயத்தின் இரண்டு முனையிலும் புதிதாகப் பைப்பு போட்டு, அதை மேற்பார்க்கும் வேலையைத் துரை என் தலையில் கட்டியிருந்தார். 27ஆம் திகதி கொழும்புக் கம்பெனியிலிருந்து ஏஜண்டுத் துரை பார்க்க வருகிறார். மறுநாள் என் ஆறு மாதம் முடிகிறது.

"பொம்பளை பைப்புக்கு வரணும். வரலே, நீ போகணும்" என்றார் துரை.

பெண்கள் பழைய பீலிக்கே போய்க்கொண்டிருந்தார்கள். லயத்துக்குக் கீழே, மூங்கில் குழாய் வழியாக ஓடைத் தண்ணீர் பாறையில் கொட்டும் இடம் அது. கடைசிக் காம்பிரா வீட்டு வாசலிலிருந்து 214 எட்டு. பைப்புக்கு ஒன்பதே எட்டு. மூன்று முறை எண்ணினேன். ஒரு முறை 213 வந்தது; அது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

நான் படித்தவன். எதிர்க்கிறவர்களிடம் காரணம் கேட்டு, ஒவ்வொன்றாகத் தீர்த்தால் வேலை முடியும் என்று நம்பினேன். காரணங்களை எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன். கங்காணியையும் கூட்டிக்கொண்டு லயத்துப் பெண்களிடம் போனேன்.

"பைப்புத் தண்ணியில இரும்பு வாடை அடிக்குதுங்க."

எல்லோர் முன்னாலும் நான்கு டம்ளர் குடித்துக் காட்டினேன்.

"குடிக்கலாம்ங்க. சோறு செவந்து போகும்."

சோறு பொங்கச் சொல்லி வெறும் உப்போடு ஒரு தட்டு சாப்பிட்டேன். வெள்ளைச் சோறுதான்.

"அய்யா நாளைக்கு உசிரோட இருக்காரான்னு பாத்துட்டுச் சொல்றோம்" என்றாள் ஒருத்தி. சுற்றிலும் சிரிப்பு. மறுநாள் உயிரோடு போய் நின்றேன்.

"கிளாக்கரு வயிறு வேற, எங்க வயிறு வேறங்க."

பத்து நாளில் பதினேழு காரணம் சேர்ந்தது. பதினேழையும் தீர்த்தேன். பதினெட்டாவது, பைப்பின் வாய் பாம்பு வாய் மாதிரி இருக்கிறது என்பது. அதற்கு என்ன செய்வதென்று கங்காணியைக் கேட்டேன்.

"அய்யா, நீங்க தீக்கத் தீக்க அவளுக புதுசு புதுசாச் சொல்லுவாளுக. மலையில கொழுந்து எடுக்கறப்போ அதான் பேச்சு. நாளைக்கு என்ன சொல்லலாம்னு கூடிப் பேசி வச்சுக்கிறாளுக."

கொப்பியில் இருந்த பதினெட்டையும் கோடு போட்டு அடித்தேன்.

19ஆம் திகதி கடைசி முயற்சியாக இருபத்து நான்கு காம்பிராவுக்கும் ஏறி இறங்கிக் கணக்கெடுத்தேன். பைப்பு வேண்டாம் என்றவர்கள் இருபத்தாறு பேர். வேண்டும் என்றவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் கிழவிகள். ஒருவர்கூடத் தண்ணீர் தூக்குகிறவர் இல்லை.

"ஆத்தா, நீங்க தண்ணி எடுக்கிறதே இல்லையே. ஒங்களுக்கு எதுக்குப் பைப்பு?" என்று ஒன்பதாவது கிழவியிடம் கேட்டேன்.

"பைப்பு ரொம்ப நல்லதுங்கய்யா. மருமவ கண்ணு முன்னாலயே நிப்பா. என்னயப் பத்தி என்ன பேசுறான்னு உள்ள ஒக்காந்தபடியே காதுல விழும். அந்தப் பீலிச் சத்தத்துல ஒரு எழவும் கேக்காது."

அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு நடந்தேன். நான்கு எட்டு போன பிறகுதான் விஷயம் உறைத்து நின்றேன்.

அன்று பின்னேரமே வட்டகொடைக் கடையில் இரண்டு தகரம் வாங்கினேன். ஒன்று இரண்டு ரூபாய் எழுபத்தைந்து சதம். "என்ன கிளாக்கர், வீடா கட்டுறீங்க?" என்றார் கடை நானா. ஒவ்வொரு பைப்புக்குக் கீழும் இரண்டு கல் வைத்துத் தகரத்தைச் சாய்த்துவிட்டு, பைப்பை முழுதாகத் திறந்தேன். லயக் கூரையில் அடைமழை கொட்டுகிற சத்தம். பக்கத்தில் நின்ற கங்காணி ஏதோ சொன்னார். வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

மறுநாள் பைப்படியில் ஆறு பேர். 22ஆம் திகதி பதினான்கு. பாம்பு வாயைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. வேறு நிறையப் பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை. 24ஆம் திகதி இருபத்தாறு பேரும் வந்துவிட்டார்கள். அன்றே துரை பீலியின் மூங்கிலைக் கழற்றச் சொன்னார்.

27ஆம் திகதி ஏஜண்டுத் துரை வந்து பைப்படியில் நின்று எதையோ கேட்டார். நம் துரை காதில் கை வைத்துக் குனிந்து, பதிலுக்குக் கத்தினார். அவருக்கும் கேட்கவில்லை. இருவரும் ஐந்து நிமிடம் தலையாட்டிவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். 28ஆம் திகதி என் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது.

மார்ச் 1ஆம் திகதி காலையில் ஒரு தகரத்தைக் காணவில்லை. இருபத்தாறு பெண்களும் வெறுங்குடத்தோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

"பீலியையும் மூடிட்டீங்க. தகரமும் போச்சு. இனி நாங்க எங்கங்கய்யா பேசுறது?"

தகரம், ஒன்பது கிழவிகளில் ஒருத்தியின் கோழிக்கூட்டுக்கு மேலே இருந்தது. கேட்டேன்.

"மழை வருதுல்லங்கய்யா. கோழி நனையாதா?"

அது மார்ச் மாதம். பன்னிரண்டு நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் ஒன்பது கிழவிகள் சேர்ந்து நிற்கும்போது ஓர் ஆள் எவ்வளவு வாதாட முடியும்? புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். ஒன்பதாம் நாள் மற்றது போயிற்று. சித்திரைக்குள் இன்னொன்று. துரையிடம் கேட்டால் பைப்புக்குத் தகரம் எதற்கு என்று விசாரிப்பார். நான் மாமியார் மருமகள் விவகாரத்தை ஆங்கிலத்தில் விளக்க வேண்டிவரும். ஆகவே என் சம்பளத்திலிருந்தே வாங்கினேன். ஐந்தாவதை வாங்கியதும் இரண்டு பைப்பின் தகரத்திலும் நான்கு நான்கு ஓட்டை போட்டு, கம்பியால் கல்லோடு கட்டிய பிறகுதான் களவு நின்றது.

கொப்பியில் கடைசியாக எழுதிய கணக்கு: தகரம் ஐந்து, பதின்மூன்று ரூபாய் எழுபத்தைந்து சதம்.